தேயிலையின் வேரைப் படித்தவர்: தோமஸ் பெச்சும் மலையகப் பங்கசியலும்

இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் அதனை அணுகியுள்ளனர். காட்டை அழித்துத் தோட்டம் அமைத்த துரைமாரின் வரலாறு ஒன்று. லண்டன் சந்தையில் ஏறியும் இறங்கியும் வந்த விலைகளின் வரலாறு இன்னொன்று. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து அந்த மண்ணில் உழைத்து, அங்கேயே தங்கிவிட்ட மக்களின் வரலாறு மூன்றாவது. இம்மூன்றினையும் ஊடறுத்துச் செல்லும் நான்காவது வரலாறு ஒன்றும் உண்டு. அது பங்கசுகள் எனப்படும் சிற்றுயிர்களின் வரலாறாகும். கோப்பிப் பயிரை வீழ்த்தித் தேயிலைக்கு வழிவிட்டது ஒரு பங்கசு. தேயிலை வேர்களை ஆண்டுக்காண்டு அரித்து வந்தவை வேறு சில பங்கசுகள். 1946ஆம் ஆண்டில் தேயிலைக் கொழுந்தையே தாக்க வந்தது இன்னுமொரு பங்கசு. நுவரெலியா, அட்டன், தலவாக்கலை ஆகிய இடங்களில் வாழ்ந்தோரின் வேலையையும் வருவாயையும் இச்சிற்றுயிர்கள் பலமுறை மாற்றியமைத்துள்ளன.

இவ்வரலாற்றின் மையத்தில் நிற்பவர் தோமஸ் பெச் என்னும் பங்கசியல் அறிஞர். 1905 முதல் 1928 வரை இலங்கையிற் பணியாற்றிய இவர், தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதலாவது பணிப்பாளராகவும் விளங்கினார். ரேயிலரையும் லிப்டனையும் அறிந்த அளவுக்குப் பெச்சை நம்மவர் அறியார். அவருடைய வாழ்வையும் பணியையும் எடுத்துக்கூறி, அப்பணி மலையகத்தின் நிலத்தையும் உழைப்பையும் பற்றி நமக்கு உணர்த்துவது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெச்சின் பணியை விளங்கிக்கொள்வதற்கு அவர் வருகைக்கு முந்திய ஒரு பேரழிவை முதலில் நோக்குதல் வேண்டும். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருப்பது கண்டறியப்பட்டது. அந்த இலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராக இருந்த துவெயிற்ஸ் என்பவரின் கைக்கு வந்தன. அவர் அவற்றை இங்கிலாந்திலிருந்த பேர்க்லி என்னும் பங்கசியல் அறிஞருக்கு அனுப்பினார். பேர்க்லியும் அவருடைய நண்பர் புறூமும் அப்பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். வஸ்டாட்ரிக்ஸ் என்னும் இலத்தீன் சொல் பாழ்படுத்துவது எனப் பொருள்படும். பெயரிட்ட காலத்தில் அந்நோய் பரவலாக இருக்கவில்லை. கோப்பியின் விலை உயர்ந்துகொண்டே சென்றமையால், நோய் கண்ட பின்னரும் துரைமார் புதிய காடுகளை அழித்துக் கோப்பி நட்டனர். 1878ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் நிலத்திற் கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. இட்ட பெயர் சில ஆண்டுகளிலேயே மெய்யாயிற்று.

நோயை ஆராய்வதற்கென 1880ஆம் ஆண்டில் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் அரசினால் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. 1882 வரை அவர் இங்கு தங்கி ஆராய்ந்தார். இலையின் மேல் விழும் வித்தி நீர்த்துளியில் முளைக்கின்றது. முளைத்த இழை இலைவாய் வழியே உட்புகுகின்றது. சில வாரங்களில் அதே இலையிலிருந்து ஆயிரக்கணக்கான புதிய வித்திகள் வெளிவருகின்றன. இதனை வார்ட் படிப்படியாகக் காட்டினார். ஒட்டும் பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்று வித்திகளைச் சுமந்து செல்வதையும் மெய்ப்பித்தார். மலையடி முதல் முகடு வரை இடையீடின்றி ஒரே பயிரை நட்டமையே நோயின் பெருக்கத்துக்கு வழிவகுத்தது என்பது அவர் கண்ட முடிபு. இடையிடையே மரவரிசைகள் இருந்திருப்பின் காற்றின் வேகமும் வித்தியின் பயணமும் தடைப்பட்டிருக்கும் என்றார். ஆயின் அந்த அறிவு கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. திராட்சைக் கொடிகளைக் காக்கும் செப்புக் கலவையாகிய போர்டோக் கலவையைப் பிரான்சில் மில்லார்டே என்பவர் உலகுக்கு அறிவித்ததே 1885இல்தான். வார்ட் பின்னர் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியராகி 1906இல் மறைந்தார்.

கோப்பியின் வீழ்ச்சி பயிரின் வீழ்ச்சியோடு முடிந்துவிடவில்லை. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் மக்கள் வந்து உழைத்துவிட்டு, பெரும்பாலோர் தத்தம் ஊர்களுக்குத் திரும்புவர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடி. ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை அதே செடியிடம் கைகள் திரும்பி வருதல் வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ரேயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை, கோப்பி அழிந்த மலைகளையெல்லாம் இருபதாண்டுகளுக்குள் பிடித்துக்கொண்டது. அத்துடன் வந்துபோகும் உழைப்பாளர் நிலையாகக் குடியிருக்கும் குடும்பங்களாயினர். லயன் வரிசைகள் பெருகின. பெண்களின் கைகளே தோட்டத்தின் வருவாயைத் தாங்கின. மலையகத் தமிழரை ஓரிடத்து நிலைத்த சமுதாயமாக்கிய காரணங்களுள் இலையில் படிந்த அந்தச் செம்மஞ்சட் பொடியும் ஒன்றாகும். இன்னொரு கோப்பிப் பேரழிவு நேரக்கூடாது என்னும் அச்சமே இலங்கையில் நிலையான பங்கசியல் அறிஞர் ஒருவர் வேண்டும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது. அந்தப் பதவிக்கே பெச் வந்து சேர்ந்தார்.

தோமஸ் பெச் 1870ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் மாவட்டத்தில் ஹோர்ன்சீ என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தவர். ஆசிரியத் தொழிலே அவருடைய தொடக்கத் தொழில். நோர்போக் மாவட்டத்தின் கிங்ஸ் லின் நகரில் கற்பித்த காலத்தில், அவ்வூர் மருத்துவரான சார்ள்ஸ் ப்ளோரைட் என்பவரின் பழக்கம் அவருக்குக் கிடைத்தது. ப்ளோரைட் மருத்துவத் தொழிலோடு பங்கசு ஆராய்ச்சியையும் மேற்கொண்டவர். பயிர்களைத் தாக்கும் துருப் பங்கசுகள் பற்றி 1889இல் ஒரு நூலை வெளியிட்டவர். வயலிலும் வேலியோரத்திலும் காண்பதைத் தன் கையாலேயே எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, தன் கண்ணாலேயே தெளிய வேண்டும் என்னும் பயிற்சியைப் பெச் பெற்றது இத்தகைய சூழலிலேயே எனலாம். பெரும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் வளர்ந்தவர் அல்லர் அவர். முப்பத்தைந்தாம் வயதில், 1905ஆம் ஆண்டில், பேராதனைப் பூங்காவின் பங்கசியலாளராக அவர் இலங்கை வந்தார். 1912இல் விவசாயத் திணைக்களம் அமைக்கப்பட்டபோது அப்பதவியும் அத்திணைக்களத்தின்கீழ் வந்தது.

பேராதனையில் அவருக்கு இருவகைப் பணிகள் இருந்தன. தோட்டங்களிலிருந்து வரும் நோயுற்ற இலைகளையும் வேர்களையும் ஆராய்ந்து மறுமொழி அனுப்புவது ஒன்று. இலங்கைப் பங்கசுகளைத் திருத்தமாக வகைப்படுத்துவது மற்றொன்று. இரண்டாவது பணிக்கு ஒரு சிறப்பான காரணம் இருந்தது. துவெயிற்ஸ் காலத்தில் சேர்க்கப்பட்ட நூற்றுக்கணக்கான பங்கசுகள் உலர்ந்த நிலையில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே பேர்க்லியாலும் புறூமாலும் பெயரிடப்பட்டிருந்தன. உயிருடன் இருந்தபோது அவற்றின் நிறமும் வடிவமும் எத்தகையன என்பதைப் பெயரிட்டோர் கண்டதில்லை. அக்குறையை ஓரளவு நிரப்பியவை, பூங்காவின் ஓவியர்களான த அல்விஸ் குடும்பத்தார் தீட்டிவைத்த வண்ணப் படங்களே. பெச் இந்தப் படங்களையும் உலர்ந்த மாதிரிகளையும் தாம் புதிதாகச் சேர்த்தவற்றோடு ஒப்பிட்டார். ஒரே பங்கசு பல பெயர்களிற் பதிவாகியிருந்தமையையும், வெவ்வேறு பங்கசுகள் ஒரே பெயருக்குள் அடங்கியிருந்தமையையும் கண்டு திருத்தினார். இத்திருத்தங்கள் 1907 முதல் பேராதனைப் பூங்காவின் ஆய்வேட்டில் தொடர்ச்சியாக வெளிவந்தன.

அவருடைய ஆராய்ச்சி முறையை விளக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதுமானது. மழை பெய்த மறுநாள் கறையான் புற்றிலிருந்து எழும் புற்றுக்காளானை நம்மவர் நன்கு அறிவர். பறித்துச் சமைத்தும் உண்பர். அக்காளானுக்கும் கறையானுக்கும் உள்ள தொடர்பு யாது? 1906இல் பெச் இதுபற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவர் புற்றுகளை வெட்டித் திறந்து, கறையான்கள் மென்ற மரத்துகளால் அமைக்கும் கடற்பஞ்சு போன்ற கூடுகளையும், அவற்றின் மேல் வளரும் வெண்ணிற உருண்டைகளையும் ஆராய்ந்தார். கறையான் வாழும் கூட்டில் ஒரு பங்கசும், கறையான் கைவிட்ட கூட்டில் வேறொரு பங்கசும் தலையெடுப்பதை அவர் வேறுபடுத்திக் காட்டினார். ஒரு பங்கசு எங்கே வளர்கின்றது என்று கேட்பதோடு நில்லாமல், அது எதன்மேல், எந்த நிலையில், யார் விலகிய பின் வளர்கின்றது என்றும் கேட்பதே அவருடைய வழி. இதே வினாவையே அவர் பின்னர் தேயிலை மலைகளிலும் எழுப்பினார்.

தேயிலையின் இலைகளைத் தாக்கும் பங்கசுகள் பல அக்காலத்தில் அறியப்பட்டிருந்தன. ஆயினும் கோப்பித் துரு செய்ததைப் போன்ற அழிவை அவை செய்யவில்லை. இலங்கைத் தேயிலையின் உண்மையான பகை மண்ணுக்குள் இருந்தது. நன்கு தழைத்து நின்ற செடி ஒன்று திடீரென வாடும். இலைகள் உதிராமலே காய்ந்து தொங்கும். அடுத்த ஆண்டில் அதன் பக்கத்துச் செடிகளும் அவ்வாறே மடியும். சில ஆண்டுகளில் பசுமையான மலையின் நடுவே வட்டமான வெற்றிடம் ஒன்று தோன்றிவிடும். இவ்வாறு மடிந்த செடிகளையெல்லாம் வேர் நோய் என்னும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே மருந்தைத் தேடுவது பயனற்றது எனப் பெச் உணர்ந்தார். வேரைத் தோண்டி எடுத்துக் கழுவிப் பார்த்தால், எந்தப் பங்கசு செடியைக் கொன்றது என்பதை அந்த வேரே கூறிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. வேரின் மேற்பரப்பில் செந்நிறக் கயிறுகள் போன்ற இழைகள் ஓடினால் அது செவ்வேர் நோய். மண்ணும் சிறுகற்களும் கபில நிற இழைகளால் வேரோடு ஒட்டிக் கெட்டியாகியிருந்தால் அது கபில வேர் நோய். வெளியே எதுவும் தெரியாமல், பட்டையை உரித்தால் உள்ளே விசிறி போன்ற வெண்படலமும், மரத்தினுள்ளே கருங்கோடுகளும் தோன்றினால் அது உஸ்துலினா என்னும் பங்கசின் வேலை. இது செடியின் அடியிற் கரித்துண்டு போன்ற கரிய மேலோட்டை உண்டாக்குவதால் கரிக்குற்றி அழுகல் எனலாம். சருகு மண்டிய ஈரமான இடங்களில் நிலத்தின் மேலாகவே படர்ந்து, செடியின் கழுத்தைச் சுற்றிக் கொல்வது ரொசெலீனியா என்னும் கருவேர் நோய்ப் பங்கசு.

இவற்றுள் உஸ்துலினா பற்றிய ஆராய்ச்சி பெச்சின் பணியில் தலையாயது எனலாம். வெற்றிடத்தின் நடுவே நிற்பது எது என்று தேடியபோது, பல இடங்களில் அங்கே வெட்டப்பட்ட மரம் ஒன்றின் அடிக்குற்றி காணப்பட்டது. நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் விறகுக்கும் என ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்ட கிறவில்லியா மரமே பெரும்பாலும் அது. மலையகத்தில் இதனைச் சவுக்கு என்று வழங்குவர். மரத்தை வெட்டியதும், காற்றில் வரும் வித்தி குற்றியின் வெட்டுமுகத்திற் படிகின்றது. இறந்த மரத்தை உணவாகக் கொண்டு பங்கசு கீழிறங்கி, வேர்களின் நுனிவரை செல்கின்றது. அவ்வேரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தேயிலை வேருக்குள் பின்னர் புகுகின்றது. தனியே மண்ணில் நெடுந்தூரம் செல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. குற்றியின் உணவுச் சேமிப்பே உயிருள்ள செடியைத் தாக்கும் வலிமையை அதற்கு அளிக்கின்றது. மரத்தை வெட்டியவர் அதனை மறந்துவிட்ட பின்னர், சில ஆண்டுகள் கழித்தே நோய் தலைகாட்டுகின்றது.

இந்த முடிபின் ஆழம் சிந்திக்கத்தக்கது. கோப்பித் துரு காற்றில் வந்தது. தேயிலையின் வேர் நோயோ அந்நிலத்துக்கு மனிதன் முன்னர் செய்தவற்றின் எச்சமாக வந்தது. காட்டை வெட்டினோர் வேரை மண்ணிலேயே விட்டனர். நிழல்மரத்தை வெட்டினோர் குற்றியை அங்கேயே விட்டனர். குற்றியை அகற்றுவதற்குச் செலவாகும்; விட்டுவிட்டால் செலவில்லை. அவ்வாறு மிச்சப்படுத்திய பணத்தின் விலையைப் பின்னர் தேயிலை கொடுத்தது. வார்ட் கோப்பி பற்றிக் கூறியதும் பெச் தேயிலை பற்றிக் கூறியதும் அடிப்படையில் ஒன்றே. பெருந்தோட்ட நோய் என்பது அப்பெருந்தோட்டம் அமைக்கப்பட்ட முறையிலிருந்தே பிறக்கின்றது. இதுவே இவ்வரலாறு நமக்குத் தரும் தலையாய கருத்து என்பது எம் துணிபு.

நோயின் காரணம் விளங்கியதும் பரிகாரமும் தெளிவாயிற்று. இறந்த செடிகளையும் அவற்றைச் சூழ்ந்துள்ள செடிகளையும் வேரோடு அகழ்தல் வேண்டும். பென்சில் பருமனுள்ள வேரும் மண்ணில் எஞ்சுதல் ஆகாது. குற்றியைக் கிளப்பி எரித்தல் வேண்டும். நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஆழமான கான் வெட்டி, உள்ளிருக்கும் வேர்களுக்கும் வெளியிலுள்ள வேர்களுக்கும் இருந்த தொடர்பை அறுத்தல் வேண்டும். கேட்பதற்கு எளிய அறிவுரை இது. செங்குத்தான சரிவில், கல்லும் வேரும் பின்னிய மண்ணில், இதனைச் செய்வது எத்துணைக் கடினம் என்பதைக் கான் வெட்டுபவரும் முள்ளுக்குத்துபவருமே அறிவர். மருந்தைத் தெளித்து வேர் நோயைத் தீர்க்கும் வழி அன்று இருக்கவில்லை. நுணுக்குக்காட்டியில் தெளிந்த உண்மை மலையிற் பயன் தந்தது மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்த கைகளினாலேயே.

பெச் தம் இருபதாண்டு ஆராய்ச்சியைத் திரட்டித் தேயிலைச் செடியின் நோய்கள் என்னும் பொருள்பட ஆங்கில நூலாக 1923இல் லண்டனில் வெளியிட்டார். றப்பர் மரத்தின் நோய்களும் பீடைகளும் பற்றிய நூலை 1921இலேயே வெளியிட்டிருந்தார். தேயிலை வளரும் பிறநாட்டாரும் இந்நூலைத் துணைக்கொண்டனர். இதே காலத்தில் தேயிலைக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது சிறு வரி விதித்து அதன் செலவை ஈடுசெய்வதென முடிவாகி, 1925இல் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் நுவரெலியாவில் தற்காலிகக் கட்டடங்களில் தொடங்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளராகப் பெச் நியமிக்கப்பட்டார். தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென்ட் கூம்ஸ் தோட்டம் 1928இல் நிலையத்துக்கென வாங்கப்பட்டது. நிலையத்தின் காலாண்டு ஆய்வேடும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. இன்றும் அந்நிலையம் சென்ட் கூம்ஸ் தோட்டத்திலேயே இயங்கி வருகின்றது.

அறிஞர் ஒருவரின் நேர்மையை அவர் கண்டுபிடித்தவற்றால் மட்டுமன்றி, அவர் உறுதிகூற மறுத்தவற்றாலும் அளக்கலாம். பூச்சிகளின் உடலில் வளர்ந்து அவற்றைக் கொல்லும் பங்கசுகளில் பெச் வாழ்நாள் முழுதும் ஈடுபாடு கொண்டிருந்தார். இத்துறையில் அவர் உலகறிந்த வல்லுநர். இப்பங்கசுகளைச் செயற்கையாகப் பரப்பிப் பயிர்ப் பூச்சிகளை ஒழித்துவிடலாம் என்னும் நம்பிக்கை அன்று பல நாடுகளில் மேலோங்கியிருந்தது. தமக்குப் பிடித்த துறையின் பெருமையை உயர்த்த அந்நம்பிக்கையை அவர் ஆதரித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஈரமும் வெப்பமும் பொருந்திய இடங்களில் இப்பங்கசுகள் தாமாகவே இருக்கின்றன. பொருந்தாத இடங்களில் அவற்றைத் தூவினாலும் பெரும் பயனில்லை என 1925இல் வெளிவந்த ஆய்விதழிலே சான்றுகளுடன் எடுத்துரைத்தார். பிற்கால ஆராய்ச்சிகள் சில பூச்சிகளுக்கு எதிராக இத்தகைய பங்கசுகளைப் பயனுள்ளவையாக்கியுள்ளன. எனினும் அன்றிருந்த சான்றுகளுக்கு மேலாக ஒரு சொல்லும் கூறாத அவருடைய கட்டுப்பாடு போற்றத்தக்கது.

1928இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பெச், நோர்போக் மாவட்டத்தின் நோர்த் வூட்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவிலேயே இருந்தது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். இலங்கைப் பங்கசுகள் அனைத்தையும் திரட்டிய பட்டியல் நூலைப் பிஸ்பி என்னும் அறிஞர் துணையுடன் உருவாக்கினார். 1948 டிசம்பரில் பெச் மறைந்தார். நூல் 1950இல் வெளிவந்தது. துவெயிற்ஸ் தொடங்கிய பணி எண்பதாண்டுகளுக்குப் பின் ஒரு நிறைவை அடைந்தது.

பெச் மறைவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே மலையகத்தை இன்னொரு பங்கசு வந்தடைந்துவிட்டது. அசாமில் நெடுநாள் அறியப்பட்டிருந்த கொப்புள நோய் 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. எக்சோபசீடியம் வெக்சன்ஸ் என்னும் இப்பங்கசு தேயிலையின் இளந்தளிரை மட்டுமே தாக்கும். பறிக்கப்படுவதும் அதே தளிராகையால், இது வருவாயின் நுனியிலேயே கைவைத்தது. பனிமூட்டமும் தொடர்மழையும் உள்ள மாதங்களில் உயர்மலைத் தோட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. கோப்பியின் நினைவு மீண்டும் எழுந்தது. இம்முறை வேறுபாடு என்னவெனில், செப்புப் பங்கசுநாசினியும் இருந்தது. ஆராய்ச்சி நிலையமும் இருந்தது. மருந்தடித்துத் தேயிலை காப்பாற்றப்பட்டது.

எப்போது மருந்தடிப்பது, எப்போது விடுவது என்பது அடுத்த வினாவாயிற்று. இவ்வினாவுக்கு விடை கண்டோருள் தமிழ் விஞ்ஞானிகளும் இருந்தமை நாம் மனங்கொள்ள வேண்டியது. வெயிலும் மழையும் கொப்புள நோயை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பது பற்றி விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர் இணைந்து 1961இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெயில் நேரம் போதிய அளவு இருப்பின் நோய் தானே அடங்கும் என்பதால், வெயில் நேரத்தை அளந்தே மருந்தடிக்கும் நாட்களைத் தீர்மானிக்க வழி பிறந்தது. அலன் கேர் என்பவரும் சண்முகநாதனும் இப்பங்கசு வித்தி விடும் முறையை ஆராய்ந்து 1966இல் வெளியிட்டனர். கேர் பின்னர் ஆஸ்திரேலியாவில் தாவர நோயியலிற் பெரும்புகழ் ஈட்டியவர். மேலும், கிளையைத் துளைக்கும் சிறுவண்டு மரத்தை உண்பதில்லை, தன் துளைகளில் வளரும் பங்கசையே உண்கின்றது என்பதையும் அந்நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் ஆகியோர் 1947இல் அப்பங்கசுக்குப் பெயரிட்டு விளக்கினர். கறையான் புற்றில் பெச் எழுப்பிய வினாவின் எதிரொலி இதிற் கேட்கின்றது.

வேர் நோய் ஆராய்ச்சியும் தொடர்ந்தது. 1930களில் ஆபிரிக்காவின் நியாசாலாந்தில், இன்றைய மலாவியில், லீச் என்பவர் ஒரு வழி கண்டார். மரத்தை வெட்டுமுன் அடியில் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால், இலைகளில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காது. வேரின் மாப்பொருள் தீர்ந்துபோகும். நோய்ப் பங்கசுக்கு அங்கே விருந்து இராது. குற்றியின் உணவே பங்கசின் வலிமை என்ற கருத்தின் இயல்பான முடிபு இது. பின்னர் மண்ணை நச்சு வாயுவால் தூய்மையாக்கும் முறை வந்தது. அதற்குப் பயன்பட்ட மெதயில் புரோமைட்டு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் வளர்முக நாடுகளும் 2015ஆம் ஆண்டுடன் பயிர்ச்செய்கையில் அதனைக் கைவிட வேண்டியதாயிற்று. 2021இல் இரசாயன உரங்களும் நாசினிகளும் நாட்டுக்குள் வருவது திடீரெனத் தடைப்பட்டபோது, தேயிலை எத்துணை அளவுக்கு அவற்றைச் சார்ந்து நிற்கின்றது என்பது வெளிப்பட்டது. மருந்துகள் வரும், போகும். வேரை அகற்று, நிலத்துக்கு ஓய்வு கொடு, ஒரே பயிரால் மலையை மூடாதே என்னும் பழைய அறிவுரைகள் நிலைத்து நிற்கின்றன.

இனி இவ்வரலாற்றின் குறையையும் கூறுதல் வேண்டும். பங்கசின் பெயரோடு அதனை விவரித்தவரின் பெயரும் நிலைபெறுகின்றது. படம் தீட்டிய த அல்விஸ் குடும்பத்தாரின் பெயரும் ஓரளவு எஞ்சியுள்ளது. மலையில் முதன்முதல் வாடிய செடியைக் கண்டவர் யார்? நாள்தோறும் அதே வரிசையிற் கொழுந்து பறித்த பெண்ணின் கண்ணுக்குப் படாமல் அது இருந்திருக்க முடியாது. வேரைத் தோண்டியவர், கான் வெட்டியவர், செப்பு மருந்தை முதுகிற் சுமந்து அடித்தவர் ஆகியோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. இதற்குப் பெச் ஒருவரைக் குறைகூறுதல் பொருந்தாது. அன்றைய அறிவியலின் அமைப்பும் தோட்டத்தின் அமைப்பும் அத்தகையன. ஆயினும் கொப்புள நோயினின்று தேயிலையைக் காத்த அதே ஆண்டுகளில், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது என்பதை மறந்து இவ்வரலாற்றை எழுதவியலாது. செடிக்குக் கிடைத்த பாதுகாப்பு அச்செடியைக் காத்தவருக்குக் கிடைப்பதற்கு 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெச்சின் பணி நமக்கு விட்டுச்செல்லும் கடமைகள் இரண்டு. முதலாவது, மலையக வரலாற்றை ஆராய்வோர் அறிவியல் நூல்களையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளல் வேண்டும். ஒரு வேர் நோய்க் குறிப்பினுள்ளே எந்தக் காடு எவ்வாறு அழிக்கப்பட்டது, எந்த வேலை எவ்வாறு செய்யப்பட்டது என்னும் செய்திகள் புதைந்து கிடக்கின்றன. இரண்டாவது, தேயிலை பற்றிய அறிவு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே முடங்கியுள்ளது; அதனைத் தமிழில் எழுதுதல் வேண்டும். வித்தி, பங்கசு, விருந்துவழங்கி போன்ற சொற்களைப் பாடநூல்கள் நமக்கு ஆக்கித் தந்துள்ளன. கவ்வாத்து, கான், கொழுந்து, முள்ளுக்குத்து போன்ற சொற்களை மலையக மக்கள் தம் உழைப்பால் ஆக்கி வைத்துள்ளனர். இவ்விரு சொற்றொகுதிகளும் ஒரே பக்கத்திற் சந்திக்கும் நூல்களை எழுதும் பொறுப்பு, தோட்டப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் மாணவரையும் அவர்தம் ஆசிரியரையும் சார்ந்தது.